நாலை எடுத்துவிட்டால் லீவு

ஆர்ட்டின் நாலு மட்டும் மூழ்க மாட்டேன் என்றது.

பழனிச்சாமி மூன்றாவது வாளித் தண்ணீரையும் கக்கூஸில் ஊற்றினான். ஸ்பேடு, கிளாவர், டைமன் மூன்றும் ஒழுங்காக உள்ளே போய்விட்டன. இது மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி மேலே வந்து படுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் சீட்டு. நல்ல சரக்கு, சனியன்.

"யாரு உள்ள? யல்லா, யல்லா!" என்று வெளியே கதவைத் தட்டினார்கள்.

"வயித்துக்கு முடியலப்பா!"

துடைப்பக் கட்டையால் ஒரு குத்து. போய்விட்டது. அப்பாடா என்று வெளியே வந்தான்.

சூதாடுகிறவன் என்று அவனை நினைத்துவிட வேண்டாம். வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் பதினாலாம் நம்பர் ரூமில் ஆறு பேர். கோடைக்கு முன்னால் ரூமுக்கு ஒருவனுக்குத்தான் கம்பெனி லீவு தரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்பதாம் ரூமில் இதற்காக அடிதடி நடந்து ஒருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அன்றிலிருந்து டைம்கீப்பர் சுஐபு ஒரே சட்டம் வைத்தார். சீட்டுப் போடு, ஜெயித்தவன் போகட்டும். முன்னாலோ பின்னாலோ விட்டுக்கொடுக்கிறேன், மாற்றிக்கொள்கிறேன் என்று வந்தால் இரண்டு பேருக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாது.

இந்த வருடம் லீவு போகாமல் பாக்கி இருந்தது பழனிச்சாமியும் கௌஸ் முகம்மதுவும்.

பழனிச்சாமி ஊரை விட்டு வந்து மூன்று வருடம். வரும்போது சரோஜா மாசமாக இருந்தாள். இப்போது பிள்ளைக்கு இரண்டரை வயது. 'அப்பா எங்கன்னு கேட்டா பாப்பா டேப் ரெக்கார்டரைக் காட்டுது. நீங்க கேசட்டுல பேசி அனுப்புறதோட வினை. நேத்து அதுக்குச் சோறு ஊட்டிட்டா. இப்ப டேப்பும் ஓடல' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் அவன் சிரிப்பான். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிடுவான்.

ஆட்டத்தின் பெயர் ஒன்பது. ஆளுக்கு இரண்டு சீட்டு. ராஜா, ராணி, ஜாக்கி, பத்து எல்லாம் பூஜ்யம். கூட்டினால் வரும் கடைசி இலக்கம் எவனுக்கு ஒன்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவனுக்கு ஜெயம். குறைந்தால் மூன்றாவது சீட்டு உண்டு. ஆனால் எட்டோ ஒன்பதோ ஒருவனுக்கு விழுந்துவிட்டால் அத்தோடு சரி.

கராமாவில் டீக்கடை வைத்திருக்கும் மீராசா முன்பு சூதாட்டக் கப்பலில் டீ ஆற்றியவர். அவர்தான் போன வாரம் வழி சொன்னார்.

"இதே ஆட்டத்தைக் கப்பல்ல கோட்டு போட்டுக்கிட்டு ஆடுவானுங்க. பக்காரான்னு பேரு. கட்டுலேருந்து நாலை உருவிட்டா, சீட்டுப் போடுறவனுக்கு நல்லது. ஆறை உருவிட்டா, எதிர்ல உக்காந்து கேக்குறவனுக்கு நல்லது. கணக்குப் போட்டு வெச்சிருக்கானுங்க."

ஆடுகிற இரண்டு பேரில் சீனியர்தான் சீட்டுப் போடுவது ரூம் வழக்கம். பழனிச்சாமி சீனியர். எனவே வெள்ளிக்கிழமை பாய்மார்கள் ஜும்ஆவுக்கும் மற்றவர்கள் துணி துவைக்கவும் போனதும், அலமாரியில் இருந்த கட்டை எடுத்து நாலு நாலுகளையும் பொறுக்கிவிட்டான்.

தொழுகை முடிந்து வந்த கௌஸ் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, இன்னிக்கு நான் போடுறேன். நீங்க கேளுங்க."

"என்னடா புதுசா? நான்ல சீனியர்?"

"அதான்ணே. சீனியருக்குத்தானே முதல் சீட்டு விழணும்? ஒரு மரியாதை வேணாமா?"

"எனக்கு மரியாதையே வேணாம்டா!"

"அவன் சொல்றது நியாயம்தானே பழனி" என்றார் ரூமிலேயே வயதில் மூத்தவரான செய்கு அலாவுதீன். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

பழனிச்சாமி கௌஸை முறைத்தான். அடப்பாவி, இவனுக்கும் கணக்குத் தெரியும் போலிருக்கிறதே! நாலைத் திரும்ப வைக்கலாம் என்றால் அது சாக்கடையில் பாதி தூரம் போயிருக்கும். ஒரே வழிதான். எல்லோரும் சோறு வாங்க மெஸ்ஸுக்குப் போன நேரத்தில் ஆறுகளையும் உருவி, சேஃப்டி ஷூவுக்குள் போட்டு, காலையும் விட்டுக்கொண்டான்.

அப்போதுதான் வெளியே கூச்சல் கேட்டது. கக்கூஸ் அடைத்துக்கொண்டு வராந்தாவெல்லாம் தண்ணீர்.

"எவன்டா உள்ள என்னத்தப் போட்டுத் தொலைச்சது?" மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார் சுஐபு. "எல்லாரும் ஷூவைக் கழட்டிக் கட்டில் மேல வையி! நனைஞ்சா புது ஷூ கெடையாது."

"எனக்குக் கால்ல சேத்துப்புண்ணு, பாய்."

"சேத்துப்புண்ணுக்காரன் எவன்டா ஷூ போடுவான்?"

பழனிச்சாமி நிற்கவில்லை. நடந்தால் உள்ளே சீட்டு கறக் கறக் என்றது. அப்படியே கேம்ப் கேட்டுக்குப் போய், கார்டு போனில் டீக்கடையைப் பிடித்தான்.

"மீராசா பாய், நாலும் போச்சு, ஆறும் போச்சு. இப்ப யாருக்கு நல்லது?"

"ரெண்டுமா? அப்ப அதுவும் இதுவும் சரியாப் போச்சு. ஏறக்குறைய சமம்தான்."

"ஐயோ! சரி, ஆறு மட்டும் போயிருந்தா எனக்கு எவ்வளவு கூடியிருக்கும்?"

"ஆயிரம் ஆட்டம் ஆடுனா ஒண்ணோ ரெண்டோ கூட ஜெயிக்கலாம்."

"நான் ஒரு ஆட்டம்தான் பாய் ஆடப்போறேன்!"

"அப்ப சாமி கும்பிட்டுக்க" என்று மீராசா போனை வைத்துவிட்டார்.

ரூமில் எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டில்மேல் ஏறியிருந்தார்கள். சுஐபு கையில் பேப்பரும் பேனாவும் வைத்திருந்தார். செய்கு அலாவுதீன் சர் சர்ரென்று கட்டைக் கலைத்துக் கௌஸிடம் கொடுத்தார். கௌஸ் பழனிச்சாமியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் சீட்டு பழனிச்சாமிக்கு. அஞ்சு. கௌஸுக்கு ராஜா. பூஜ்யம்.

பழனிச்சாமி மனசுக்குள் கும்பிட்டான். முருகா, இன்னும் மூணோ நாலோ... நாலுதான் இல்லையே, சரி, மூணாச்சும் விழட்டும்!

ராணி விழுந்தது. அஞ்சிலேயே நின்றான்.

கௌஸ் நாலாவது சீட்டைத் திருப்பினான். எட்டு.

"கலாஸ்!" என்று சுஐபு பேரை எழுதிக்கொண்டார். "கௌஸ் முகம்மது. இனி மாத்தம் கெடையாது. பாஸ்போர்ட்டுக்குச் சொல்லிடுறேன்." தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து போய்விட்டார்.

பழனிச்சாமி குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இன்னும் ஒரு வருடம். அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறைத்தது. ஜெயித்தவனை யாருமே கைகொடுத்துப் பாராட்டவில்லை. கௌஸ் தலையில் கைவைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு லீவு எதுக்குண்ணே? போன உடனே மாமி மகளைக் கட்டி வெச்சிருவாங்கண்ணே" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

செய்கு அலாவுதீன் கட்டை வாங்கி ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்னுதான் பழனி, உங்கிட்ட மட்டும் சொல்லல. உனக்கு அஞ்சும் நாலுமா ஒன்பது விழட்டும்னு நாங்க அஞ்சு பேரும் காலைலயே அடுக்கி வெச்சிருந்தோம். நான் கலைச்சதுகூட வெறும் சத்தம்தான். மூணாவதா நான் வெச்ச அந்த நாலு எங்கப்பா போச்சு?"