எடை கூடிய ஹெலிகாப்டர்

தெரியாத விஷயத்தில் யாருக்கும் மூக்கு உடைவதில்லை. அந்தப் பக்கமே போகமாட்டோம். நன்றாகத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிற இடத்தில்தான் உடையும். எனக்கு உடைந்தது புதுச்சேரியில், ஒரு கான்வென்ட் பள்ளியின் எட்டாம் வகுப்பில்.

அறிவியல் டீச்சர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அதற்கு முன்பே நாலு பள்ளிக்கூடங்கள் "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவைத்திருந்தன. "இதுவும் போச்சுன்னா கடைக்கு வந்து கல்லாவுல உக்காந்துடும்மா" என்றார் அத்தா. அவருக்குக் கருவடிக்குப்பத்தில் பழைய பேப்பர், இரும்புக் கடை. (பி.எட். படித்துவிட்டு பீர் பாட்டில் எண்ணுவதா? உசுரே போனாலும் மாட்டேன்!)

மாதிரி வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம், ஹெலிகாப்டர் எப்படி மேலே எழும்புகிறது என்பது. ஸ்டாண்டைக் கழற்றிய டேபிள் ஃபேனைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் ஒரு பிரிமணைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து ஓடவிடுவேன். ஹெலிகாப்டருக்கும் விசிறி வானத்தைப் பார்த்துத்தானே இருக்கிறது? ஃபேன் எழும்பப் பார்க்கும், எடை குறையும், கைதட்டல், வேலை!

"வீட்டுல ஒருவாட்டி ஓட்டிப் பாத்துட்டுப் போயேம்மா."

"ஃபிசிக்ஸ் படிச்சது நீங்களா, நானா?"

அத்தா எல்லாவற்றையும் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, வகுப்பு வாசலில் நின்றார். முதல் பெஞ்சில் தலைமைக் கன்னியாஸ்திரீ. (எங்கள் ஊரில் அவரை மாமேர் என்போம். பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்த வார்த்தை போகவில்லை.)

"பிள்ளைங்களா, இப்ப எடை குறையும் பாருங்க!" என்று சுவிட்சைப் போட்டேன்.

காற்று நேரே மேலே கிளம்பியது. கூரையின் ஒட்டடை மொத்தமும் என் தலையில் இறங்கியது. மாமேர் கையிலிருந்த விண்ணப்பங்கள் பறந்தன. பறக்காதது ஃபேன் ஒன்றுதான்.

"மிஸ், ஏறுது மிஸ்! எடை ஏறுது!" என்று வகுப்பே கத்தியது.

ஃபேனைச் சட்டென்று தராசிலேயே குப்புறக் கவிழ்த்தேன். இப்போது எண் ஃபேன் ஓடாதபோது இருந்ததைவிடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"மிஸ், ஹெலிகாப்டர் ரிப்பேரா?"

அத்தா வாசலில் தலையைக் குனிந்துகொண்டார். மாமேர் எழுந்தார். "போதும்மா. சொல்லி அனுப்புறோம்."

ஐயோ, ஐந்தாவது! ஒட்டடையைத் தலையிலிருந்து பிய்த்துப் போட்டேன். இது ஏன் என் தலைக்கு வந்தது? காற்று மேலே போனதால். ஃபேன் காற்றை மேலே தள்ளினால், காற்று ஃபேனைக் கீழேதானே அழுத்தும்! கவிழ்த்தபோது ஃபேனை மேலே தள்ளிய அதே காற்று, தராசுத் தட்டில் மோதி அதைக் கீழே அழுத்திவிட்டது. கணக்கு சரியாகப் போச்சு!

"மாமேர், ஒரு நிமிஷம்! நான் செஞ்சது தப்பு. ஏன் தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுது!" (நேர்முகத் தேர்வில் சொல்லவே கூடாத வாக்கியம் இது.) "அத்தா, வண்டியில தொங்குதராசு இருக்கா?"

பழைய பேப்பர்க்காரர் வண்டியில் அது இல்லாமலா? ஒரு கொடிக்கம்பில் தராசை மாட்டி, அதன் கொக்கியில் ஃபேனைக் குப்புறக் கட்டித் தொங்கவிட்டோம். கம்பின் ஒரு முனை என் தோளில். மறுமுனையை யார் பிடிப்பது என்று பார்த்தால், மாமேரே வந்து தோள் கொடுத்தார். அத்தா சுவிட்சைப் போட்டார்.

காற்று தரையில் அடித்தது. எண் சரசரவென்று இறங்கியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே வந்து எட்டிப் பார்த்தது.

"றெக்கை சாய்வா இருக்கு. சுத்தும்போது காத்தைக் கீழ தள்ளுது. காத்து றெக்கையை மேல தள்ளுது. அவ்ளோதான் ஹெலிகாப்டர்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அதற்குள் ஃபேனே மெல்லத் திரும்ப ஆரம்பித்து, ஒயர் மாமேரின் கையைச் சுற்றிக்கொண்டது. "இது ஏன்மா சுத்துது?"

"றெக்கை ஒரு பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பாக்கும் மாமேர். அதைத் தடுக்கத்தான் ஹெலிகாப்டர் வால்ல ஒரு குட்டி ஃபேன்!"

"மொதல்ல என் கையை அவிழு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு."

ஜெயிச்சுட்டேன்! தலையில் ஒட்டடையோடு ராணி மாதிரி வெளியே வந்தேன்.

அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காற்று கீழே தள்ளுகிற கதையைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார். வினை அங்கேதான். இப்போது பழைய பேப்பர் போட வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது தராசுக்கு மேலே தொங்கும் சீலிங் ஃபேன் ஓடுகிறதா என்றுதான். போன வருஷம் பழைய விடைத்தாள்களை எடைக்குப் போட மாமேரே வந்தார். தாள்கட்டைத் தராசில் வைத்துவிட்டு, நிமிர்ந்து மேலே பார்த்துச் சொன்னார்:

"பாய், ஃபேனை அஞ்சுல வைங்க."