நோன்பிருந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் நோன்பிருக்க வைத்த மனிதரை இந்த உலகத்தில் நான் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அவரைக் கண்ட அன்று ஆலந்தலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடலுக்குப் போன நாளெல்லாம் வாந்தி எடுத்தேன். “மீனுக்கு எரை போட நாங்க ஆள் வைக்கதில்லலே” என்று கரையில் இறக்கிவிட்டார்கள். பாதி நடை, பாதி உப்பு லாரி. தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது, துறைமுகத்துக்குப் போகும் சாலையோரச் சந்தில் ஒரு கடை வாசலில் ‘ஆள் தேவை’ என்று எழுதியிருந்தது.

உள்ளே கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவருக்குக் கலர் அண்ணாச்சி என்று பேர்.

“என்னலே படிச்சிருக்க?”

“எட்டு. அதுவும் முழுசா இல்ல.”

“நல்லது. மவுசத் தொடமாட்டீல்லா?”

மவுஸ் சுவரில் ஆணியடித்துக் கருவாடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தொடமாட்டேன் என்றேன். வேலை கிடைத்தது. கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்.

கல்லூரிப் பிள்ளைகள் தாங்கள் எழுதிய புரோகிராமைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். வெள்ளைத் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் அந்த எழுத்தை, முக்கியமான சொல்லுக்கு ஒரு நிறம், எண்ணுக்கு ஒரு நிறம் என்று பிரித்து, வலைப்பக்கமாக மாற்றிக் கொடுப்பதுதான் அண்ணாச்சியின் தொழில். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டுவார். மென்பொருளின் பெயர், பிள்ளையின் பைல், எதற்கு என்ன நிறம் என்று சொல்லும் கலர் பைல். என்டரை மட்டும் பல்லி அடிப்பதுபோல் ஓங்கி அடிப்பார். பக்கம் தயாராகிவிடும். இதையெல்லாம் இன்டர்நெட்டில் ஓசியிலேயே செய்யலாம் என்று சொன்ன பையன் ஒருவனை அவர் சந்து முனைவரை துரத்தியதை நான் பார்த்தேன்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைகளுக்குக் கிடையாது. மாதா கோயிலில் பூசை வைக்கும் சாமியார் என்ன நிறத்தில் உடுத்துகிறாரோ அதுதான் கடையிலும். சாதாரண நாளில் பச்சை, தபசுகாலத்தில் ஊதா, ஈஸ்டருக்குப் பொன்னிறம், தூய ஆவி பெருவிழாவுக்குச் சிவப்பு. ஒரே நிறத்தில் இளசும் முற்றலுமாகப் பல சாயல்.

“அண்ணாச்சி, எம் புரோகிராம் பூராக் கத்திரிக்கா கலர்ல இருக்கு.”

“தபசுகாலம்லா. ஈஸ்டர் வரைக்கும் பொறு.”

“நான் இந்து அண்ணாச்சி.”

“நீ இந்து. கம்ப்யூட்டர் நம்ம சபைலா!”

தபசுகாலத்தின் முடிவில் பெரிய வியாழன் வந்தது. கோயிலில் பீடத்துத் துணிகளை அகற்றி, மணியையும் அடிக்காமல் நிறுத்தினார்கள். அண்ணாச்சி தன் பங்குக்குக் கலர் பைல்களை எல்லாம் ஒரு பென்டிரைவுக்கு மாற்றி, அதை மாதா படம் போட்ட உத்தரியத்தோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“சனிக்கெழம ராத்திரி ஈஸ்டர் பூசைக்குப் பாஸ்கா மணி அடிக்கிற வரைக்கும் இங்கன கலர் கெடையாது. கேட்டியா?”

மறுநாள் பெரிய வெள்ளி, ஆண்டவர் சிலுவையில் இறந்த நாள். பிற்பகலில் அவர் கோயிலுக்குப் போன பிறகு யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். காயல்பட்டினத்துப் பெண் நஸ்ரின். எங்கள் வாடிக்கைக்காரிதான். அவளுடைய லேப்டாப் காலையில் உயிரை விட்டிருந்தது. ஊரில் வேறு கடை எதுவும் திறக்கவில்லை. புரோகிராம் மட்டும் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது.

“அண்ணே, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள காலேஜ் சைட்ல ஏத்தணும். கலர் இல்லன்னா வாங்கமாட்டோம்னு சார் சொல்லிட்டாங்க. இந்த வருசம் போச்சுன்னா போச்சுதான். வாப்பா சவுதிய விட்டு வந்துட்டாங்க. இன்னொரு வருசம் படிக்க வைக்க முடியாது.”

அந்த ஒரு வரி எனக்கும் தட்டத் தெரியும். தட்டினேன். கலர் பைல் இல்லாமல் பக்கம் சாவுச் செய்தி மாதிரி கறுப்பாக வந்தது. கடையை அவளிடமே ஒப்படைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

ஆண்டவர் பட்ட பாடுகளின் வரலாறு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நுழைந்து அண்ணாச்சியின் காதருகே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணை இறுக மூடி அழுதுகொண்டிருந்தார்.

“முடியாதுலே. இன்னைக்கு உலகமே கறுப்பு.”

“அந்தப் பிள்ளைக்குப் படிப்பே போயிரும் அண்ணாச்சி.”

“ஆண்டவருக்கு உசிரே போவுதுலே!”

நிமிர்ந்து பீடத்தைப் பார்த்தேன். எனக்குக் குரல் தணியாது. நான் வாயைத் திறந்த அதே நொடியில், ஆண்டவர் உயிர்விட்ட இடம் வந்து, கோயில் முழுவதும் சத்தமின்றி முழங்காலிட்டது. என் குரல் மட்டும் தனியாக எழுந்தது.

“அண்ணாச்சி, சாமியாரே கலர்லதான நிக்காரு!”

எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். பெரிய வெள்ளி வழிபாட்டில் அவர் கண்ணைத் திறந்தது அதுதான் முதல்முறையாம். சாமியார் நல்ல சிவப்பு உடுப்பில் நின்றார். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த பென்டிரைவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கடைக்கு வந்து சிவப்பை மட்டும் ஏற்றினார். பக்கம் வெட்டுக்குத்து நடந்த இடம்போல் வந்தது. நஸ்ரின் அதைக் காலேஜ் சைட்டில் ஏற்றிய சற்று நேரத்தில் அவளுடைய சார் போன் செய்தார்.

“என்னம்மா, எல்லா வரியும் தப்பு மாதிரி செவப்பா இருக்கு?”

“இன்னைக்கு அப்படித்தான் சார்” என்றாள். அவர் ஏற்றுக்கொண்டார். அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “இனி நீ இங்கன வேண்டாம்.”

“கலரப் பத்தி நான் சொன்னது சரிதான அண்ணாச்சி?”

“சரிதான். அது வேற. ஆண்டவர் உசிர விடுற நேரத்துல கோயில்ல கத்துன பயகூட ஒரே கூரைல என்னால இருக்க முடியாது. எங்க போவ?”

“உப்புக் கம்பெனில மூட்ட தைக்க ஆள் எடுக்காங்களாம்.”

“பயோடேட்டா கேப்பான்.”

“எங்கிட்ட என்ன டேட்டா இருக்கு?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை உப்புக் கம்பெனி வாசலில் மேஸ்திரி பயோடேட்டா கேட்டார். இல்லையென்று சொல்லப் போனபோது என் போனில் அண்ணாச்சியிடமிருந்து ஒரு வலைப்பக்கம் வந்து கிடந்ததைப் பார்த்தேன். என் பெயர். எட்டாம் வகுப்பு, முழுசா இல்லை. கடல் ஒத்துக்கொள்ளாது. நாக்கு நீளம். கை சுத்தம்.

மேஸ்திரி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, கல்யாணப் பத்திரிகையா?” என்றார்.

மேலிருந்து கீழ்வரை அத்தனையும் பொன்னிறம். பாஸ்கா மணி அடிக்க ராத்திரி ஆகும். எனக்காக மட்டும் அண்ணாச்சி காலையிலேயே நோன்பை முறித்திருந்தார்.

சாக்கு ஊசியை வாங்கிக்கொண்டு மூட்டை தைக்க உட்கார்ந்தேன்.