மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையும் தல்லாகுளத்து வீரனும்

வாழ்க சூரியபிரகாஷ்! தல்லாகுளத்துச் சந்துகளின் தனிப்பெருந்தலைவன், பொறியியற் பட்டம் பெற்ற நாள்முதல் மூவாண்டுகள் கூடத்து மின்விசிறியின் கீழ் அசையாது வீற்றிருந்து அரசாண்ட அண்ணல், பதினோரு நேர்முகத் தேர்வுகளுக்குப் படையெடுத்துப் பதினொன்றிலும் தோற்றுத் திரும்பியும் தன்மேல் ஒரு சொட்டுப் பழியும் ஒட்டவிடாத தகைசால் மறவன்! அவன் பெருமையை விரித்துரைக்கப் புகுந்த எனக்குச் சொல்வளம் அருளும் தெய்வம் எதுவோ, அதுவே என் சிரிப்பையும் சற்று அடக்கி வைப்பதாக.

தோற்றவன் தானல்லன், சட்டையே என்பது அவ்வீரன் நெடிது ஆய்ந்து கண்ட மெய்ப்பொருள். கோயம்புத்தூரில் அவனைக் காட்டிக்கொடுத்தது நீலக்கட்டச் சட்டை. ஓசூரில் காலைவாரியது சந்தனநிறச் சட்டை. கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டு இடங்களிலும் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணமாகுமா? ஆகாது. இந்நிலையில் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையங்கள் வார்க்கும் கம்பெனியொன்றிலிருந்து, காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் வருக என்னும் ஓலை அவன் கைப்பேசியில் வந்திறங்கியது. அன்றே தந்தை நல்லகாமன் சோற்றுத்தட்டின் முன்னமர்ந்து அரசாணை பிறப்பித்தார்: "இதுவும் கெடைக்கலைன்னா திங்கக்கெழமையில இருந்து ஒங்க மாமன் பஞ்சர் கடைல போயி நில்லு. இம்புட்டு வருசம் பாத்தாச்சு."

அந்த நாளும் விடிந்தது. குளித்து, திருநீறிட்டு, சான்றிதழ்கள் அடங்கிய பச்சைநிற ஃபைலைக் கட்டிலின் நடுவில் வைத்துவிட்டு, வீரன் பீரோவின் இரும்புக் கதவங்களைத் திறந்தான். ஐயகோ, அடுத்து நிகழ்ந்த படுகொலையை என்னென்பேன்! வரிபோட்ட சட்டையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தான். கண்டக்டர் போலிருக்கிறது என்று கழற்றி வீசினான். கறுப்பை மாட்டினான், மாலைபோட்டவன் போலிருக்கிறது என்று அதனையும் வீழ்த்தினான். மெரூன் நிறம் கல்யாண வீட்டுக்குரியது என்று வீழ்ந்தது. தொப்பையை ஒளிக்கும் திறமின்மையால் சாம்பல்நிறம் வீழ்ந்தது. வீழ்ந்தவை யாவும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கட்டிலிற் குவிய, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை பவதாரிணி எட்டிப்பார்த்து, "மொதல்ல ஃபைல எடுத்து பைக்குள்ள வையிண்ணே" என்றாள். மறவன் சினந்து திரும்பினான்: "மொதப் பார்வையிலயே ஆள எடை போட்ருவாய்ங்க. ஒனக்கு என்னடி தெரியும்? போ!" அவளும் போய்விட்டாள்.

எஞ்சியது ஒன்றே. இதற்கென்றே விளக்குத்தூண் பக்கத்தில் வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பால்வெள்ளைப் புதுச்சட்டை. அதனைக் கொண்டுவருமாறு அவன் முழங்க, சாமி படத்தின் முன்னிருந்து ஏந்திவந்தாள் அன்னை அன்னக்கொடி. வாங்கி விரித்த வீரன் அலறினான். காலரின் வலது நுனியில், ஊரார் யாவரும் காணும்படி, கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்! "புதுத்துணிய மஞ்ச வைக்காம உடுத்தலாமாடா? வேலை கெடைக்கணும்னுதான் கொஞ்சம் நல்லாவே வச்சேன்" என்றாள் அன்னை.

மணி எட்டே முக்கால். சட்டையோடு குளியலறைக்குள் பாய்ந்த அக்குலக்கொழுந்து, சோப்புக்கட்டியை வாளென உருவி, மஞ்சளின்மேல் மாறிமாறித் தேய்த்தான். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கும் எவருக்கும் தெரியும். துவைத்தறியாத பொறியாளனுக்குத் தெரியவில்லை. மஞ்சள் சிவந்தது. மேலும் தேய்த்தான், மேலும் சிவந்தது. கழுத்தில் வெட்டுண்ட போர்வீரனின் மேலாடைபோல் ஆனது காலர். அதன்மேல் முகப்பவுடரைக் கொட்டினான், இளஞ்சிவப்பாயிற்று. மின்விசிறியின் கீழ் உலர்த்தினான், இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினான், வியர்த்தான், அன்னையை ஏசினான். அவளோ அவன் தலையைச் சீவிவிட்டாள். எனக்கென்னவோ அந்த வீட்டில் அடிவாங்க வேண்டியது சட்டையல்ல என்றே தோன்றுகிறது.

ஒன்பதேகால். வேறு சட்டையைத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. கறைபட்ட காலரை இடக்கையால் பொத்தி, வலக்கையால் வண்டியை முறுக்கி, பேருந்துகளின் சாபங்களைப் பெற்றுக்கொண்டு, திருமங்கலம் சாலையில் புழுதி கிளம்பப் பறந்த அவ்வீரன், பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கம்பெனி வாயிலை எய்தினான். அங்கே நின்ற காவலாளி ஆணியில் தொங்கிய நீலக் கோட்டொன்றை எடுத்து நீட்டினார். "மேல இதப் போட்டுக்கங்க தம்பி. கழுத்து வரைக்கும் பட்டன் மாட்டணும். உள்ள போற எல்லாருக்கும் இதுதான்."

ஆ! மாட்டினான். காலர் மறைந்தது, கறை மறைந்தது, மூவாண்டுத் துயரமும் மறைந்தது. பழிபோடச் சட்டையே இல்லாமற் போகவே, வேறு வழியின்றிக் கேள்விகளைக் காதில் வாங்கினான் நம் வீரன். வாங்கியதனால் விடையும் சொன்னான்! ஒன்றல்ல, ஐந்து! மேலாளர் முகம் மலர்ந்தது. கப்பலூரின் ஆலைப் புகையெல்லாம் வாழ்த்துக்கொடிகளென வானில் எழ, பஞ்சர் கடை தொலைதூரத்தில் தேய்ந்து மறைய, பன்னிரண்டாம் போரின் வெற்றித்திருமகள் மாலையோடு மேசைவரை நடந்துவந்துவிட்டாள். "நல்லாச் சொல்றீங்க தம்பி. ஒரிஜினல் எல்லாம் எடுங்க, பாத்துட்டு இப்பவே ஆர்டர் தந்துருவோம். இல்லேன்னா வெளிய அடுத்த ஆள் உக்காந்திருக்காரு" என்றார் மேலாளர்.

ஃபைல் வீட்டில் கட்டிலில், சட்டைகளுக்கு அடியில் கிடந்தது.