ஒற்றை நெல்லிக்காய் வாங்கிய பலாப்பழம்

ஒரு காட்டில் (நாட்டில் இல்லை ஐயா, காட்டில்தான், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் என் வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது) முழியப்பன் என்று ஒரு தேவாங்கு இருந்தான். அவன் தொழில் புத்தக விமர்சனம். தேவாங்குக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா, நீங்களே சொல்லுங்கள். கண் இரண்டும் ஆளைவிடப் பெரிசு. உட்கார்ந்த கிளையை விட்டு நகரவும் மாட்டான். பொழுது பூராவும் புத்தகத்தைப் பார்த்து முழிப்பான். முழித்து முடித்ததும் தீர்ப்பை நெல்லிக்காயில் சொல்வான். பிடித்திருந்தால் புத்தகத்தின் முதுகில் ஐந்து நெல்லிக்காயை நாரில் கோத்துக் கட்டுவான், பிடிக்காவிட்டால் ஒன்று. ஒருமுறை அணில் வந்து இரண்டு காயைத் தின்றுவிட்டதால் ஒரு காவியம் சுமார் ரகமாகிப் போனதும் உண்டு. அதை எழுதிய முயல் இன்றுவரை அணிலோடு பேசுவதில்லை.

அந்தக் காட்டில் விமர்சகர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சொன்ன கருத்தை மாற்றினால் வால் நுனியை நறுக்கிவிடுவார்கள். அதனால் நரி, கீரி மாதிரி வாலுள்ள விமர்சகர்கள் எல்லாம் "சில இடங்களில் நன்றாக இருக்கிறது, சில இடங்களில் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம்" என்று எழுதிப் பிழைப்பை ஓட்டினார்கள். தேவாங்குக்குத்தான் வாலே கிடையாதே. முழியப்பன் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எழுதினான். காடு அவனை வீரன் என்று கொண்டாடியது.

அவன் குடியிருந்தது குளக்கரைப் பலாமரத்துப் பொந்தில். மழை ஒழுகாது, வெயில் எட்டாது, பழம் பழுத்தால் வாசனை வீட்டுக்குள்ளேயே வரும். அவனுக்கு அந்தப் பொந்து என்றால் உயிர்.

அது சாதாரண மரமும் இல்லை. முன்னொரு காலத்தில் அந்தக் குளத்துக்காகக் குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் போர் புரிந்தன. பன்றிகள் குரங்குகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டன. ஜெயித்த களிப்பில் பன்றித் தளபதி அந்த மரத்தடியில் நின்று வெற்றிப் பேருரை ஆற்றினார். "இனி இந்தக் காட்டில் நம்மை" என்று ஆரம்பித்தார். ஒரு பலாப்பழம் அவர் தலையில் விழுந்தது. வாக்கியம் அதோடு சரி. வானம்தான் இடிந்து விழுகிறது என்று பன்றிப் படை பிடரியில் கால்பட ஓடிவிட்டது. குரங்குகள் ராஜாவாகி, இந்த மரத்தை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டன. முழியப்பனின் பொந்தில் இத்தனை காலம் ஒரு கீறல் விழாததற்குக் காரணம் அந்தச் சட்டம்தான்.

நடந்தது இவ்வளவே. ஆனால் நடந்ததையே எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பது? ஒரு முள்ளம்பன்றி பொழுது போகாமல் 'அந்தப் பழம் விழாதிருந்தால்' என்று ஒரு நாவல் எழுதினான். அதில் பழம் விழவில்லை, பன்றிகள் ஆண்டன, கடைசி அத்தியாயத்தில் குரங்குகள் சேற்றில் புரளப் பழகிக்கொண்டன. முழியப்பன் படித்தான், சிலிர்த்தான், "மாற்று வரலாறு என்றால் இதுவல்லவா" என்று ஐந்து நெல்லிக்காயைக் கட்டினான். உணர்ச்சிவசப்பட்டு ஆறாவதையும் கட்டப் பார்த்தான், நார் பற்றவில்லை.

பிடித்தது பைத்தியம். 'பழம் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால்' வந்தது. 'அன்று மழை பெய்திருந்தால்' வந்தது. "'அன்று மழை பெய்திருந்தால்' பிடித்தவர்களுக்கு 'அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தால்' கட்டாயம் பிடிக்கும்" என்று முழியப்பன் ஒரு வார்த்தை பரிந்துரைத்தால் போதும், மைனாக்கள் அதை மூலைமுடுக்கெல்லாம் ஃபார்வர்ட் செய்யும், ஆலமரத்தடி நூலகத்தில் வரிசை குளம்வரைக்கும் நீளும். டோக்கன் வாங்குவதற்கே தனியாக ஒரு டோக்கன். அந்த வரிசையில் மானுக்குப் பின்னால் புலி நின்றது. "எனக்கு முன்னாடி எத்தனை பேரு?" என்று கேட்டதே தவிர ஒருத்தரையும் குறைக்கவில்லை.

குரங்கு ராஜா கிளைதாவியும் தப்பவில்லை. தன் குலம் தோற்கிற நாவலாகத் தேடித் தேடிப் படித்து, தேம்பித் தேம்பி அழுது, அடுத்த பாகம் எப்போது என்று ஆள் விட்டுக் கேட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் குளத்து ஆமை மெத்தனமூர்த்தி ஓலைக்கட்டு ஒன்றை ஓட்டின் மேல் வைத்துக்கொண்டு பலாமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். போர் நடந்த அன்று எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடிவிட்டார்கள். ஓடத் தெரியாத ஒரே காரணத்தால் முழுப் போரையும் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியிருக்கேன். கூட்டலை, குறைக்கலை. நாலு பேர் படிக்கிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை சொல்லுப்பா."

முழியப்பன் அதையும் மாற்று வரலாறு என்றே நினைத்துப் படித்தான். கடைசிக்கு வந்ததும் மூஞ்சி சுருங்கிவிட்டது.

"என்ன தாத்தா இது? பன்றிங்க ஜெயிச்சாச்சு. திடுதிப்புனு மேலேருந்து ஒரு பழம் விழுது, எல்லாம் தலைகீழாப் போகுது. யாரு நம்புவா?"

"விழுந்துச்சே தம்பி."

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைம்பாங்க. அந்தக் கதையிலகூட ஒரு காக்கா இருக்கு தாத்தா. உங்களுதுல அதுவும் இல்லை."

"வராத காக்காயை நான் எங்கேருந்து கூட்டிட்டு வர்றது?"

"அதுக்குத்தான் கற்பனைன்னு ஒண்ணு வேணும்ங்கிறது."

ஒரே ஒரு நெல்லிக்காயைக் கட்டி, 'நம்பும்படியாக இல்லை. நடையும் மந்தம்' என்று எழுதிக் கையில் கொடுத்தான். ஆமையிடம் போய் நடை மந்தம் என்றால் அவர் என்ன செய்வார், பாவம். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டவர் மழைக்காலம் முடியும்வரை வெளியே நீட்டவில்லை.

மழைக்காலம் முடிந்தது. பலாவில் பிஞ்சு விட்டுக் காயானது. பழைய தளபதியின் மகன் மண்கிளறியார், பன்றிகளின் இப்போதைய தலைவர், ஒரு பிராதோடு நீதிபதி முன்னால் வந்து நின்றார். நீதிபதி துதிக்கரசி அம்மாள், வயதான யானை.

"அம்மா, எங்கப்பா தோத்தார்னு சொல்ற புத்தகம் ஒண்ணே ஒண்ணு. அதுக்குக் கிடைச்சதும் ஒரே ஒரு நெல்லிக்காய். ஜெயிச்சார்னு சொல்ற புத்தகம் ஒரு வண்டி இருக்கு. அத்தனைக்கும் அஞ்சு நெல்லிக்காய். தரம் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க. ராஜ்ஜியம் எங்களுது. வந்ததும் முதல் வேலையா அந்தப் பலாமரத்தை வேரோட கிளறிப் போடுவோம். வரலாற்றோட ஒத்துப்போகாத மரம் அது."

கூட்டத்தில் இருந்த முழியப்பன் என் பொந்து, என் பொந்து என்று புலம்பினான். இருந்தாலும் அவனுக்கு ஒரு நம்பிக்கை. யானைக்கு மறதி கிடையாது, அம்மாள் நடந்ததைச் சொல்லிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

யானைக்கு மறதி கிடையாது என்பது நிஜம். அதுதான் வினையாகப் போயிற்று. அம்மாளும் அத்தனை நாவலையும் படித்திருந்தார், ஒன்றையும் மறக்கவில்லை. "பழம் விழுந்ததும் ஞாபகம் இருக்கு, விழாததும் ஞாபகம் இருக்கு, இரண்டடி தள்ளி விழுந்ததும் ஞாபகம் இருக்கு. மழை பெய்ததும் ஞாபகம் இருக்கு. இதுல எது நடந்தது, எது படிச்சதுன்னுதான் பிடிபடலை" என்று காதை ஆட்டினார்.

ராஜாவைக் கேட்டார்கள். "எங்கப்பா ஜெயிச்சாருன்னுதான் நினைக்கிறேன். ஆனா நேத்துப் படிச்சதுல செத்துட்டாரே" என்று சொல்லிக் கிளைதாவி மறுபடியும் தேம்ப ஆரம்பித்தார்.

"அப்படின்னா முழியப்பனைக் கூப்பிடுங்க" என்றார் அம்மாள்.

முழியப்பன் நடுவில் வந்து நின்று, சாட்சாத் தேவாங்கு மாதிரியே முழித்தான். தன் வினைதான் தன்னைச் சுடுகிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. எதிரே மெத்தனமூர்த்தி ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமைத் தாத்தா எழுதினது உண்மைதாம்மா. பழம் விழுந்துச்சு. எங்க வீட்டிலயே சொல்லுவாங்க, நாவல் படிச்ச வேகத்துல மறந்திருந்தேன்" என்றான். அதோடு வாயை மூடியிருக்கலாம். தொழில் புத்தி விடுகிறதா? "ஆனா நடை மந்தம்தான்" என்றும் சேர்த்தான்.

"அப்போ நீ எழுதினதை மாத்திக்கிறியா?" என்றார் அம்மாள்.

"மாத்திக்கிறேன்."

மண்கிளறியார் எழுந்துவிட்டார். "அம்மா, சட்டம் என்ன சொல்லுது? கருத்தை மாத்தினா வால் நுனியை நறுக்கணும். நறுக்கினாத்தான் மாத்தினது செல்லும். எங்கே இவனோட வால்?"

நீதிமன்றமே முழியப்பனின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தது. திருப்பி நிறுத்தினார்கள், குனிய வைத்தார்கள், ஒரு கீரி பூதக்கண்ணாடி போட்டுக்கூடப் பார்த்தான். நறுக்குகிற அளவுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"வேற எதையாவது நறுக்கிக்கோங்களேன், காது நுனி இருக்கு" என்று கெஞ்சினான் முழியப்பன்.

"காதுக்கு சட்டத்துல இடமில்லை" என்றார் அம்மாள் வருத்தத்தோடு. "வால் நறுக்காததால் பழைய விமர்சனமே நிற்கிறது. ஒரு நெல்லிக்காய் வரலாறு தள்ளுபடி. ஐந்து நெல்லிக்காய் வரலாறு அமலுக்கு வருகிறது."

கிளைதாவி ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்தார். குரங்குகள் கலங்கி நின்றபோது அவர்தான் தேற்றினார். "பயப்படாதீங்க, இதை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். இப்போ நாம கிழக்கால போகணும், வழியில ஒரு துரோகி வருவான், அப்புறம் ஒரு பாட்டு" என்று உற்சாகமாக முன்னே நடந்தார்.

முழியப்பன் மரத்துக்கு ஓடினான். ஓடினான் என்பது ஒரு பேச்சுக்கு. அவன் போய்ச் சேர்ந்து பொந்துக்குள் ஏறுவதற்குள் பழங்கள் பழுத்தே விட்டன, பன்றிப் படையும் வந்துவிட்டது. அவன் பொந்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டு அழுதான். வாசனைக்காகக் கடைசியாக ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டான்.

பன்றிகளிடம் ஒரு வழக்கம். பேருரை ஆற்றாமல் ஒரு கோரைக்கிழங்கைக்கூடத் தோண்ட மாட்டார்கள். மண்கிளறியார் மரத்தடியில் போய், அப்பா நின்ற அதே இடத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

அப்போது எங்கிருந்தோ ஒரு காக்கை பறந்து வந்து, அவர் தலைக்கு நேர் மேலே தொங்கிய பலாப்பழத்தின் மேல் உட்கார்ந்தது. காம்பு நெறுநெறுவென்றது. முழியப்பனுக்கு அது காதிலும் விழுந்தது, கண்ணிலும் பட்டது.

"சேச்சே, இப்படியெல்லாமா நடக்கும்?" என்று முனகினான். அவ்வளவு மட்டமான கதைப்பின்னலைப் பார்க்கச் சகிக்காமல், பிறந்ததிலிருந்து முதல்தடவையாகக் கண் இரண்டையும் பொத்திக்கொண்டான்.

"இனி இந்தக் காட்டில் நம்மை" என்றார் மண்கிளறியார். வாக்கியம் அதோடு சரி.

கண்ணைத் திறந்தபோது மரத்தடியில் தலைவர் மட்டும் சுளைகளுக்கு நடுவே படுத்திருந்தார். மூச்சு இருந்தது, பேச்சுத்தான் இல்லை. மற்ற பன்றிகள் அடுத்த காட்டு எல்லையைத் தாண்டியிருந்தன. செய்தி எட்டிக் குரங்குகள் திரும்பி வந்தன. "நான் படிச்சதுல இந்த அத்தியாயமே இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளைதாவி கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். முழியப்பன் கிளையைக் கட்டிக்கொண்டு குதித்தான், மரப்பட்டைக்கு முத்தம் கொடுத்தான், பொந்துக்குள் போய் நாலு குட்டிக்கரணம் அடித்தான். வீடு பிழைத்தது.

கீழே யாரோ இருமுகிற சத்தம். மெத்தனமூர்த்தி. புது அத்தியாயம் சேர்த்த ஓலைக்கட்டை மறுபடியும் முதுகில் சுமந்துகொண்டு வந்திருந்தார். நடந்ததை இந்தத் தடவையும் முழுசாகப் பார்த்துவிட்டார், எங்கே ஓடுவது.

"தம்பி, உன் கண்ணு முன்னாலயே விழுந்துச்சு. காக்கா இல்லைன்னியே, இந்தத் தடவை காக்காயும் வந்து உட்கார்ந்துச்சு. உன் வீடும் தப்பிச்சுது. இப்பவாவது ஒரு அஞ்சு நெல்லிக்காய் கட்டுப்பா."

குரங்கும் மானும் புலியும் அண்ணாந்து பார்த்தன. முழியப்பனுக்குக் கண் கலங்கியது. இறங்கி வந்து ஆமையின் ஓட்டைத் தொட்டுக் கும்பிட்டான், ஓலைக்கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முழு மனசோடு யோசித்தான்.

"தாத்தா, உங்ககிட்ட நன்றிக்கடன் பட்டிருக்கேன், அது வேற. போன தடவை நம்ப முடியலைன்னேன். இப்போ நம்ப முடியுது, ஒத்துக்கிறேன். ஆனா ஏற்கெனவே வந்த சம்பவம்தானே இது. அதே மரம், அதே பழம், அதே பேருரை. புதுசா வந்தது ஒரு காக்கா. அதுவும் பழமொழியிலேருந்து அப்படியே உருவினது."

சொல்லிவிட்டு, பழைய ஒற்றை நெல்லிக்காயில் பாதியைக் கடித்துத் தின்றான். மீதியைப் பத்திரமாகத் திருப்பிக் கட்டினான்.

நீதி: உண்மை ஒருமுறை நடந்தால் நம்பும்படியாக இருக்காது, இருமுறை நடந்தால் புதுமையாக இருக்காது. ஆகவே குழந்தைகளே, எழுதுவதானால் நடக்காததை எழுதுங்கள். உரையாற்றுவதானால் முதலில் மேலே பாருங்கள்.