மீன்கடை ஃப்ரீசரில் தூயமல்லி

பாதி வீடியோ பண்டிதர் என்றொரு இனம் நம் டெல்டாவில் அமோகமாக விளைகிறது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். ஒரு செல்போனும் சார்ஜரும் போதும். பாபநாசத்தில் இந்த இனத்துக்குத் தலைமகன் சிங்காரவேலு. எந்த வீடியோவிலும் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்ப்பார், மிச்சத்தைச் சொந்த மூளையிலேயே தயாரித்துக்கொள்வார். மாட்டுக்குக் கழிச்சலா, ராக்கெட் கடலில் விழுந்ததா, உங்கள் மருமகளுக்குத் தலைவலியா, எதற்கும் "அது ஒண்ணுமில்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கேட்டதும் எழுந்து ஓடிவிட வேண்டும். ஓடாமல் மாட்டிக்கொண்டவர் சவரியம்மாள்.

மூன்று மா குத்தகை நிலத்துக்காக அவர் தூயமல்லி விதைநெல்லை ஊறப்போட்ட அன்றுதானா மழை கொட்டி நாற்றங்கால் முழுக வேண்டும்? பன்னிரண்டு வருஷமாகத் தன் களத்திலேயே பொறுக்கி எடுத்துவந்த விதை. ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை. தண்ணீர் வடிய நாலு நாளாகும். அதுவரை முளை விடாமல் வைப்பது எப்படி?

"அது ஒண்ணுமில்லம்மா. வெளிநாட்டுல மலையைக் குடைஞ்சு, மைனஸ் பதினெட்டு டிகிரியில உலகத்து விதையெல்லாம் வச்சிருக்கான். வருஷக்கணக்கா தாங்குது. நாலு நாள் தாங்காதா?"

"ஊறின நெல்லாச்சேண்ணே?"

"விஞ்ஞானம்மா இது!"

அவ்வளவுதான். ஜாஃபர் சாதிக்கின் மீன்கடை ஃப்ரீசரில், வஞ்சிரத்துக்கும் இறாலுக்கும் நடுவே மூட்டை குடியேறியது.

ஐந்தாம் நாள் எடுத்து, சாக்குப் போட்டு மூடிவைத்தார்கள். முளை எங்கே? நூற்றுக்கு நாலு நெல் வாய் திறந்தது. அதைத் தெளித்து வந்த நாற்றும் வெளிறிப்போய், விரல் உயரத்தில் படுத்துவிட்டது. வேளாண் அலுவலர் கவிப்ரியா ஒரு நெல்லைப் பிதுக்கிப் பார்த்தார். "நல்லா காயவச்ச விதைதாங்க அந்தக் குளிரைத் தாங்கும். ஊறின நெல்லுக்குள்ள தண்ணி ஐஸாகி, முளையைக் கிழிச்சிருச்சு."

அந்த வீடியோவிலும் இதைச் சொல்கிறார்கள். மூன்றாவது நிமிடத்தில்.

"பன்னண்டு வருஷ விதைண்ணே! நாலே நாள்ல தொலைச்சுட்டீங்களே!" என்று சவரியம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். பண்டிதர் அசைந்தாரா? "விதையிலயே ஏதோ கோளாறும்மா" என்றபடி அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்.

திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒன்று. போன வருஷத்து வெண்டை விதை ஒரு பொட்டலம் உங்கள் வீட்டிலும் கிடக்குமே? 'ஓகோ, காயவைத்தால் ஃப்ரீசரில் வைக்கலாம்போல' என்று மனசுக்குள் இந்நேரம் கணக்குப் போட்டுவிட்டீர்களே?

எவ்வளவு காய வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவேயில்லையே, ஐயா!