வீட்டுக்காரர் என்னைத் தேர்ந்தெடுத்த வரலாறு

உலகில் மோசடி நுழையவே முடியாத இடம் ஒன்று உண்டென்றால், அது நான் அட்மினாக இருக்கும் 'மயிலை–அடையாறு வாடகை வீடு (தரகர் இல்லை, ஏமாற்று இல்லை)' என்னும் வாட்ஸ்அப் குழுதான். அதன் விதிகளை இயற்றியவன் அடியேன். முதல் விதி: 'வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்.' தினமும் காலைக் காபிக்கு முன் இதை மறுபதிவு செய்வேன். உறுப்பினர்கள் கைகூப்பும் பொம்மை போடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட எனக்கே வீடு தேட வேண்டி வந்தது. மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். ஆனி முடிவதற்குள் போயாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது. கையில் இருந்தது என் மனைவி ஜானு பாட்டு வகுப்பு எடுத்துச் சேர்த்த பணம் மட்டும்.

அப்போதுதான் குழுவில் சாய்நாத் என்பவரின் அறிவிப்பு வந்தது. அடையாற்றில் இரண்டு படுக்கையறை வீடு, நல்ல காற்றோட்டம். அழைத்தேன். சிகாகோவிலிருந்து பேசுவதாகச் சொன்னார். குரலில் அப்படியொரு கண்டிப்பு.

"ஆத்துல வெங்காயம், பூண்டு உண்டா?"

"வெங்காயம் உண்டு சார். பூண்டு வாசப்படி ஏறாது."

"அமாவாசையன்னிக்குமா வெங்காயம்?"

"ஐயையோ, கிடையாது சார்."

பூர்வீகம் கேட்டார், கோத்திரம் கேட்டார். சொன்னேன்.

"காபில சிக்கரி எவ்வளவு?"

இங்கேதான் சற்றுத் தடுமாறினேன். "இருபது பர்சென்ட்."

"ஜாஸ்தி. குறைச்சுக்கோங்கோ."

"இன்னிக்கே குறைச்சுடறேன் சார்."

அவர் நீண்ட மூச்சு விட்டார். "நிறைய பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். உங்களுக்குத் தரலாம்னு தோணறது. அட்வான்ஸை அனுப்பிடுங்கோ. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேங்க் பரீட்சையிலும் சரி, பதவி உயர்வு நேர்காணலிலும் சரி, இப்படி ஒரே மூச்சில் நான் தேறியதில்லை.

ஜானுவுக்கு இந்த வெற்றியின் அருமை புரியவில்லை. "ஏன்னா, ஆத்தைப் பாத்தேளா?" என்றாள்.

"இவ்வளவு கேக்கறவர் ஃப்ராடா இருப்பாரா? ஃப்ராடு எங்கேயாவது சிக்கரி பத்திக் கேப்பானா?"

"அவர் கேட்டது இருக்கட்டும். நீங்க என்ன கேட்டேள்?"

"எந்த அக்கவுன்ட்ல போடணும்னு கேட்டேன்."

இந்த நேரத்தில் குழுவில் ஓர் ஒழுங்கீனம் நடந்தது. தரமணியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் நஸ்ருன்னிசா என்ற உறுப்பினர், 'இந்த சாய்நாத் மேல் எனக்குச் சந்தேகம்' என்று தொடங்கி நீளமாக எழுதியிருந்தார். பல மாதமாக வீடு கிடைக்காதவர். மனக்கசப்பில் எழுதுகிறார் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்காரர்களின் மனம் புண்படக் கூடாது என்பது ஏழாவது விதி. முதல் வரியோடு நிறுத்தி, பதிவை நீக்கினேன். அட்மின் என்றால் சும்மாவா? நீக்கிய கையோடு பணத்தை அனுப்பினேன்.

நல்ல நாள், நல்ல வேளை பார்த்து, ஜானுவும் நானும் பாலும் பாத்திரமுமாக ஆட்டோவில் போய் இறங்கினோம். அந்த முகவரியில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது.

"இன்னா சார், பாலோட வந்துக்கினு கீறீங்க? டாக்டரு பத்து மணிக்குதான் வருவாரு" என்றார் வாட்ச்மேன்.

"சாய்நாத் சார் வீட்டுச் சாவி?"

"இங்க ஏது சார் வீடு? போன வாரம் ஒரு மேடமும் இதே கேட்டுச்சு. போர்டை போட்டோ எடுத்துக்கினு போச்சு."

சாய்நாத்தின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தது. ஜானு பால் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள். எத்தனை வருஷம் அவள் ஸரளி வரிசை சொல்லிக்கொடுத்த பணம்.

போலீசுக்குப் புகார் கொடுத்துவிட்டு நஸ்ருன்னிசாவை அழைத்தேன்.

"நான் எழுதினதை நீங்க முழுசாப் படிக்கலையா சார்? பல் ஆஸ்பத்திரி போட்டோகூடப் போட்டிருந்தேனே."

"விதிப்படி நீக்கிட்டேன்ம்மா. அது போகட்டும், அவன் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரலையே. உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது?"

"என்கிட்ட அவர் ஒண்ணுமே கேக்கல சார். பேரைச் சொன்னேன். 'தாராளமா வாங்க, என்ன வேணா சமைச்சுக்குங்க'ன்னார். உங்க குழுவுல இத்தனை மாசமா நான் அப்படி ஒரு ஓனரைப் பாத்ததே இல்ல. உடனே பஸ் ஏறி நேர்ல பாக்கப் போயிட்டேன்."

எங்கள் குழுவின் பெருமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அத்தனை வீட்டுக்காரர்களில் நஸ்ருன்னிசாவுக்கு வீடு தர மறுக்காதவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவருக்கு வீடே கிடையாது.