கம்பத்துக்கு ஒரு பித்தளைப் பலகை

இங்கிலாந்து உலகுக்கு அளித்த கொடைகளில், தேநீரில் பால் ஊற்றியதற்கு அடுத்த இடம் ஓர் உவமைக்கே உரியது. காது கேட்காதவரை ஆங்கிலத்தில் ‘கம்பம் மாதிரி செவிடு’ என்கிறோமே, அதுதான். அந்த மூலக் கம்பம் எங்கள் ஆப்பிள்தோர்ப் ஊர்ப் புல்வெளியின் நடுவில் நிற்கிறது. பக்கத்து ஊரான மார்ஷ்பியிலும் ஒரு கம்பம் உண்டு. அதுதான் மூலம் என்று அவர்கள் சாதிக்கிறார்கள், பாவம்.

இந்த வழக்கைத் தீர்க்க எங்கள் ஊர் மன்றம் கூடியது. நானும் ஓர் உறுப்பினன். கூட்டத் தொடக்கத்தில் பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம். பதில் சொல்வது மரபல்ல. திருமதி டோரீன் ஹக்கபி எழுந்தார். ஊர் மண்டபத்துப் பேச்சை அவருடைய காதுக் கருவிக்குள் அனுப்பும் இயந்திரம் பழுதாகி ஒரு குளிர்காலமே போய்விட்டது.

“புதன்கிழமை இந்த மண்டபத்துல நடக்கற பிங்கோ ஆட்டத்துக்குத்தான் நான் வீட்டை விட்டே வெளிய வர்றேன். நம்பர் கூப்பிடறது கேக்கல. பக்கத்துல கேட்டா எரிஞ்சு விழறாங்க. அந்த மெஷினைச் சரி பண்ணிக் குடுங்களேன்.”

“குறிச்சுக்கிட்டோம்மா,” என்றார் தலைவர் பாக்‌ஷா. “அடுத்தது, கம்பம்.”

“என்ன சொன்னார்?” என்று டோரீன் என்னைக் கேட்டார். நான் மரபைக் காத்தேன்.

ஊர் ‘வரலாற்றாய்வாளர்’ ரூபர்ட் எழுந்தார். “அது குதிரை கட்டுன கம்பம், தலைவரே. வண்டிக்காரன் என்ன திட்டுனாலும் அசையாது. அதுலேர்ந்து வந்ததுதான்.”

“ஆதாரம்?”

“மார்ஷ்பிக்காரன் மறுக்கிறானே, இதுக்கு மேல என்ன வேணும்?”

அப்போது நான்தான் அந்த உயர்ந்த கேள்வியைக் கேட்டேன்: இந்த உவமை காது கேளாதோர் மனத்தைப் புண்படுத்தாதா? சபை கலங்கியது. ஒருவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். கம்பத்தில் ஒரு பித்தளைப் பலகை பதித்து, அதில் மன்னிப்புக் கோருவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணம் பலகைக்குப் போயிற்று. திறந்து வைக்க டோரீன் அழைக்கப்பட்டார்.

விழாவுக்கு மார்ஷ்பிக்காரர்களும் குடையோடு வந்திருந்தார்கள். டோரீன் திரையை இழுத்தார். கை தட்டினோம். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, கம்பத்திடம் பேசத் தொடங்கினார்.

“மண்டபத்து மெஷின் ஓடல. புதன்கிழமை பிங்கோவுல எனக்கு ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சரி பண்ணிக் குடுப்பா.”

தலைவர் பதறிப்போய் அவர் காதருகே கத்தினார். “டோரீன்! அது வெறும் கட்டை!”

“தெரியும். உங்ககிட்டயும்தான் சொல்லிப் பாத்தேன். இது உங்க கூட்டக் குறிப்பு மாதிரி ‘குறிச்சுக்கிட்டோம்’னு பொய் சொல்லலையே.”

எங்களுக்கு நெஞ்சு உருகிவிட்டது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குறிச்சுக்கிட்டோம்மா,” என்றார்.

அன்றோடு வழக்கு முடிந்தது. உவமை ஆப்பிள்தோர்ப்பில்தான் பிறந்தது என்று மார்ஷ்பிக்காரர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது கம்பத்தைப் பார்த்துப் பிறந்ததல்லவாம், எங்களைப் பார்த்தாம்.